இரண்டு ஊரிலும் இல்லாத கபுர்

சர்வேக்காரன் நல்ல பிள்ளைதான். நனைந்த செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டு, கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துப் பார்த்து, மூன்றாவது முறையாக அதையே இந்தியில் சொன்னான். கரண்ட் மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர் வர வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்றால் டெத் சர்டிபிகேட் வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் எங்கள் ரூம் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாத ரூமுக்கு, தாராவியை இடித்துவிட்டுக் கட்டப்போகிற புதுக் கட்டடத்தில் இடம் கிடையாது.

மீட்டர் மெஹராஜ் பேகம் என்ற பேரில் இருந்தது. அவள் என் வாப்பாவின் அக்கா, எனக்கு மாமி. எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டவள். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் ரஜப் மாதத்தில் அவள் பேரில் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, கல்லி என்கிற எங்கள் சந்தில் இருபது வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. உம்மா இருந்தவரை உம்மா ஆக்கினாள். அவள் போன பிறகு இருபத்திரண்டு வருஷமாக நான். முகம் தெரியாத ஒருத்திக்காக இத்தனை தேக்சா சோறு கிண்டியவள் தாராவியில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

ரூம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே இரண்டு மிஷின் போட்டு நான் லெதர் பர்ஸ் தைக்கிறேன். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நானும் வாப்பாவும் என் மகன் ராஹிலும் படுக்கிற இடம். என் புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. ராஹில் ஐரோலியில் ஒரு ஐடி பார்க்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். இந்த ரூம் போனால் மிஷினும் போகும், பிழைப்பும் போகும். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

"அவ ஊர்ல மவுத்தானா. ஊர்லதான் அடக்கம்" என்றார் வாப்பா.

ஊரில் என் சித்தப்பா மகன் யாசர் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டு, ஜமாஅத்தில் போய்ப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவன் கூப்பிட்டான்.

"லாத்தா, பழைய தப்தர் நோட்டுல பேரு இருக்கு. ஆனா பம்பாயில மவுத்து, பம்பாயில அடக்கம்னுல்லா எழுதியிருக்கு."

சரி, இங்கேதான் போல என்று, தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்துகிற ஜமாஅத் ஆபீஸுக்குப் போனேன். அங்கே செகரட்டரி சைஃப், மொபைல் கடை வைத்திருக்கிற பையன். தூசி தட்டி ஒரு நோட்டை எடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. மெஹராஜ் பேகம். ஊரில் மவுத்து, ஊரில் அடக்கம்.

நான் அந்த வரியை விரலை வைத்து இரண்டு முறை படித்தேன். ஊரில் கேட்டால் பம்பாயில் புதைத்தார்களாம். பம்பாயில் கேட்டால் ஊரில் புதைத்தார்களாம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மய்யித்து ரயிலிலேயே தங்கிவிட்டதா என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"கெடைக்கலன்னா வுடுளா. அல்லா பாத்துக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அல்லா பாத்துக்கிடுவான் வாப்பா. சர்வேக்காரன் பாக்க மாட்டான்" என்றேன்.

ராஹில் எங்கள் காகிதங்களையெல்லாம் போனில் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தான். அன்று தையல் ஓடவில்லை என்று அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டருக்கு முதன்முதலில் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலும் இருந்தது. அடியில் தமிழில் ஒரு கையெழுத்து, மெஹராஜ் பேகம் என்று. தேதி 1994 ஜூலை.

"ராஹிலு, இத நீ பாக்கவே இல்லியாடா?"

"பாத்தேன் உம்மா. என்னமோ டிசைன் மாதிரி இருந்துச்சு. முஜே தமில் பட்னா கஹான் ஆத்தா ஹை" என்றான் என் மகன். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையைப் பெற்றதற்கு அன்றைக்குத்தான் முழுதாக வருந்தினேன். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கிறாள், இவன் டிசைன் என்கிறான்.

தொண்ணூற்று நாலு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷக் கலவரத்தில் எங்கள் ரூம் எரிந்துபோயிருந்தது. வாப்பா எங்களை ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, தகர ரூம் இருந்த இடத்தில் செங்கல் சுவரும் இரும்பு ஏணியும் மீட்டரும் இருந்தன. பெருமையாக இருந்தது. வாப்பா ஒற்றை ஆளாக இருந்து கட்டிவிட்டாரே என்று உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அந்தக் கையை உதறியதை நான் வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

விண்ணப்பத்தில் சாட்சி என்று இன்னொரு பேர் இருந்தது. பிச்சையா. செம்பூர் கேம்ப் பக்கம் ஒரு சால், அந்த வரிசைவீட்டு விலாசம். மறுநாள் காலையில் வாப்பாவிடம் தோல் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, சயானில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். மழை விட்டபாடில்லை. ஒரு மணி நேரம் விசாரித்த பிறகு, "மாவு விக்கிற பிரேமாக்கா வீடா? கடைசிக் கதவு" என்று ஒரு பெண் கைகாட்டினாள்.

கதவைத் திறந்தவளுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கைவரை இட்லி மாவு. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் நான் கத்தினேன்.

"பிச்சையாங்கவர பாக்கணும்."

"அவிய போயி ஆறு வருசமாச்சு" என்றாள். கத்தவே இல்லை. கிரைண்டருக்குக் கீழே நுழைந்து வந்ததுபோல ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்டது. "நீ யாரு?"

"தாராவியிலேருந்து வாரேன். சலாவுதீன் மக சபுரா."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். என் நெற்றியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். எங்கள் வீட்டு மூக்கு அவள் முகத்தில் இருந்தது. எனக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. இருபத்திரண்டு தேக்சா நெய்ச்சோறு ஞாபகம் வந்து, பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு வருசா வருசம் பாத்திஹா ஓதுதோம்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியும். என்ன ஆக்குவிய?"

"நெய்ச்சோறு. தால்ச்சா."

"உப்புச் சரியா போடுவியா?" என்று கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எனக்குச் சாயா போட்டாள்.

அன்று மத்தியானம்வரை அவள் பேசினாள். இருபத்திரண்டு வயதில் கைம்பெண்ணாகி, தம்பிக்குச் சமைத்துப் போட பம்பாய்க்கு வந்தவள். எட்டாவது படித்திருந்தாள். அந்தக் காலத்தில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஆட்கள் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நாடகம் போடுவார்கள். பாதிப் பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. யாராவது வசனத்தைப் படித்துச் சொன்னால், கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். பிச்சையா அந்தச் செட்டில் ஆர்மோனியம். அவர் வந்து கேட்டதும், இவள் சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாருடைய வசனத்தையும் படித்துக் கொடுத்திருக்கிறாள். ராஜாவுக்கு ராஜா மாதிரி, திருடனுக்குத் திருடன் மாதிரி.

"ஸ்திரீ பார்ட் கட்டுற ஆம்பளைய என் குரலத்தான் காப்பி அடிச்சாவ. பொறவு ஒருநா பிச்சையா சொன்னாரு, காப்பிய எதுக்கு மேடை ஏத்தணும்னு."

முதல் நாடகம் மாட்டுங்காவில் ஒரு ஹாலில். கோயில் நோட்டீஸில் மெஹராஜ் என்று அச்சடிக்க முடியாது என்று பிரஸ்காரன் கையைப் பிசைந்ததால் பிரேமா ஆனாள். பிறகு காட்கோபர், முலுண்ட், அம்பர்நாத் என்று எங்கெல்லாமோ. வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தெருக்குழாயில் முகம் கழுவி, துப்பட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மைக் வைத்தால்கூட அவளுக்குப் பிடிக்காது. கடைசி வரிசையில் செங்கல் போட்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டால்தான் அந்தக் காட்சி முடிந்தது என்று கணக்கு.

"வாப்பாக்குத் தெரியுமா?"

"மொத ரெண்டு வருசம் அவன்தான் கூடவே வந்து கொண்டுவிடுவான். ஊர்க்கார யாவாரி ஒருத்தன் மாட்டுங்காவுல என்னைப் பாத்துட்டுப் போய் ஊர்ல சொல்லிட்டான். எங்க ரெண்டு தங்கச்சிக்கும் பேசி வச்சிருந்த சம்மந்தம் நின்னுபோச்சு. இவன் ஊருக்குப் போனான். அது மெஹராஜ் இல்ல, மெஹராஜ் போன மாசமே காலரால மவுத்தாயிட்டானு சொல்லிட்டான். எல்லாரும் யாசீன் ஓதிட்டாவ. கல்யாணம் ரெண்டும் நடந்துச்சு. இங்க வந்து, ஊருக்குப் போன எடத்துல மவுத்துன்னு சொன்னான். நானும் பிச்சையாவோட செம்பூருக்கு வந்துட்டேன்."

"நீங்க சண்ட போடலியா?"

"ரெண்டு தங்கச்சி வாழ்க்கையில்லா. நான் பதினஞ்சு வருசந்தான் நடிச்சேன். ஒங்க வாப்பா நாப்பத்தாறு வருசமா நடிக்கான், பாவம். டிவி வந்தது, வீடியோ வந்தது. என்னை யாரும் நிறுத்தச் சொல்லல. கூப்புடுறத நிறுத்திட்டாவ."

ரூம் எரிந்த செய்தி கேட்டு, இருந்த வளையலை விற்றுக் கட்டிக் கொடுத்தது அவள்தான். வாப்பாவின் ரேஷன் கார்டு எரிந்துபோயிருந்தது. வாப்பாவின் கார்டிலிருந்த பேரைப் பிறகு பிரித்து அவள் தனியாக எடுத்த கார்டு செம்பூரில் பத்திரமாக இருந்தது. ஊருக்கெல்லாம் மவுத்து சொன்ன மனுஷன், மண்ணெண்ணெயும் அரிசியும் குறைந்துவிடும் என்று, ரேஷன் கடையில் மட்டும் அக்காவின் பேரை வெட்டவில்லை. ஜமாஅத்தில் செத்தவள் சர்க்காரில் சாகவே இல்லை. அந்தக் கார்டை வைத்து மீட்டர், அதை வைத்து ஆதார், எல்லாம் மெஹராஜ் பேகம் பேரில். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"போடுதேன். ரூம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. எனக்கு ஒரு கடுதாசி வேணும்." கிளாஸைக் கீழே வைத்தாள். "இங்க எல்லாருக்கும் நான் பிரேமா. செத்தா பிச்சையா சொந்தக்காரவ வந்து எரிச்சிருவாவ. நல்லவியதான். தெரியாம எரிச்சிருவாவ. எனக்கு மண்ணுல போவணும் சபுரா. நான் உசுரோட இருக்கேன், செத்தா இவளை அடக்கலாம்னு ஒங்க ஜமாஅத்துல ஒரு கடுதாசி. மொதல்ல அது. பொறவு கையெழுத்து."

வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "மெலிஞ்சிருக்காளா?" இல்லை என்றேன். பிறகு ஜமாஅத் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கச்சிகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், இப்போது போய் நான் சொன்னது பொய் என்றால் அவர்கள் முகத்தில் யார் முழிப்பார்கள், உயிரோடு இருக்கிறவளுக்கு ஊரையே யாசீன் ஓத வைத்தவன் என்று என்னைக் காறித் துப்ப மாட்டார்களா என்றார். வெள்ளிக்கிழமைவரை கேட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பாட்டுத் தட்டை ஓசைப்பட வைத்தேன். அவர் அசையவில்லை. என் அலுப்பை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியாமல் செம்பூருக்குப் போன் போட்டேன். கடுதாசி கிடைக்காது மாமி, நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் "சரிளா" என்று வைத்துவிட்டாள். ரூம் போனதுதான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் சேலை, தலையில் முக்காடு. கல்லியில் ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

"வேண்டாம்னு சொன்னேனே மாமி."

"ஆளுவ வந்து உக்காந்த பொறவு, பேசுன காசு வரலன்னு வேசத்தக் கலைக்க முடியுமாளா? நான் அப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல" என்றாள்.

சர்வேக்காரன் ஆதாரைப் பார்த்தான், கையெழுத்து வாங்கினான். வீட்டுச் சொந்தக்காரரை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்றான். வீட்டு ஆட்களும் கூட நிற்க வேண்டுமாம். வாப்பா ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். முப்பத்தோரு வருஷம் கழித்து அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இருவரும் டேப்லெட்டை மட்டும் பார்த்தார்கள்.

"சாச்சா, யே ஆப்கி கோன் லக்தி ஹை?" என்று அவன் கேட்டான். இவர் உங்களுக்கு என்ன உறவு என்று.

வாப்பா எதிரே பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"மகான் மால்கின்" என்றார். வீட்டுக்காரம்மா.

மாமியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். சாயா குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். மாவு புளித்துவிடும் என்று சொல்லி நடந்தாள். நான் தொண்ணூறு அடி ரோடுவரை கூடப் போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஆட்டோவில் ஏறும்போது, "தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே நின்றுகொண்டு கத்தினேன். என் வாழ்க்கையில் வாப்பாவிடம் அப்படிக் கத்தியதில்லை.

"அவ கட்டுன செவுரு! அவ போட்ட ஏணி! அதுல ஏறிப் படுத்துக்கிட்டு அவளுக்கே பாத்திஹா ஓதுனிய! இன்னிக்கி அவ ரூமையும் குடுத்துட்டுப் போறா, கூடப் பொறந்த அக்காவ லாத்தான்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாய் வரலியா?"

"கதவச் சாத்துளா" என்றார்.

"சாத்த மாட்டேன். கேக்கட்டும். எங்க மாமி மெஹராஜ் சாகல. செம்பூர்ல மாவு அரைச்சுப் பொழைக்கா. கேட்டுக்கிடுங்க எல்லாரும்!"

எதிர்வீட்டில் குக்கர் சத்தம்கூட நின்றுவிட்டது போலிருந்தது. கத்தி முடித்ததும் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வயதான மனுஷனைத் தெரு முன்னால் அம்மணமாக நிறுத்திவிட்டேனே என்று கூசியது. திரும்பவும் அதையே செய்வேன் என்றும் தெரிந்திருந்தது.

செய்தி ஜமாஅத்துக்குப் போக ஒரு தொழுகை நேரம் போதும். மறுநாள் காலை சைஃப் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். என்னவோ கேள்விப்பட்டோம் சாச்சா, உண்மையா என்று கேட்டான். வாப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நான் சொல்வதாக இல்லை.

வாப்பாவே சொன்னார். "பொய்தான். ரெண்டு ஊர்லயும் பொய் சொன்னேன். அவ என் லாத்தா. மேடையில நடிச்சா. அதுக்காவ நான் அவள மவுத்தாக்கிட்டேன்." பிறகு முண்டாசுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நேத்து பக்கத்துல நின்னா. மாவு வாசம் அடிச்சுச்சு அவ மேல" என்றார் துண்டுக்குள்ளிருந்து. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, அசதிதான் மிஞ்சியது.

யாரும் காறித் துப்பவில்லை. துப்பியிருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் மண்ணுக்கடியில் கபுரில் இருந்தார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. சைஃபுக்குத்தான் சங்கடம். செத்தவரை உயிரோடு இருக்கிறார் என்று எழுத ஜமாஅத்தில் ஃபாரம் கிடையாது. கடைசியில் எழுபத்தொன்பதாம் வருஷ நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தான். அடக்கத்துக்குக் கொடுக்கிற வழக்கமான கடுதாசியையே எடுத்துப் பேரை எழுதி, முத்திரை வைத்து, வாப்பாவிடம் கையெழுத்து வாங்கி என்னிடம் கொடுத்தான்.

அன்றைக்கே செம்பூருக்குப் போனேன். வாப்பா வரவில்லை. "முட்டி வலி கொறையட்டும், வாரேன்னு சொல்லு" என்றார். அதைச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டாள். கையைத் துடைத்துவிட்டுக் கடுதாசியை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வாய்விட்டுப் படித்தாள். மெஹராஜ் பேகம் என்ற பேர் வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு முறை படித்தாள்.

பிறகு விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க வெறுமனே இருக்கே?"

"மவுத்தான தேதி மாமி. அது நீங்க இருக்கும்போது எப்டி எழுத? அந்த நேரம் வரும்போது நான் எழுதிக்கிடுவேன்."

அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுதாசியை நாலாக மடித்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.

"நீயே வச்சுக்கோ. இந்தத் தடவையாவது நெசத் தேதியா போடுளா" என்றாள்.

"சரி மாமி" என்றேன்.